பூமியில் உள்ள இயற்பியல் விதிகள்தான் விண்வெளியிலும் இருக்கின்றன என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

"பூமியில் சோதித்துக் கண்டுபிடித்த விதிகளை வைத்துக்கொண்டு, சூரியனிலும் நட்சத்திரங்களிலும் இதே விதிதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? யாராவது போய்ப் பார்த்தார்களா?" இதுதான் உங்கள் கேள்வி. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இதே வாக்கியத்தை ஒரு வளைகாப்பு வீட்டில், பத்து இருபது பேர் பார்க்க, என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைக் கேட்கவே ஒருவர் வருவார். நான் விஞ்ஞானி இல்லை. டிப்ளமோ மெட்டலர்ஜி படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் பத்தொன்பது வருடமாக லேபில் இருக்கிறேன். உருகிய இரும்பில் எது எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. விண்வெளியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் சந்தேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதக்கிற வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கல்லை விட்டால் கீழே விழுகிறது, அங்கே விழவில்லை, ஆக அங்கே சட்டம் வேறு என்று தோன்றியிருக்கும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருக்கும் ஆளும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள், அவ்வளவுதான். மிதப்பது அதே சட்டம் வேலை செய்வதால்தான்.

சரி, வளைகாப்புக்கு வருகிறேன். 2023 செப்டம்பர். சந்திரயான் 3 நிலவில் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான், அதைக் கணக்குப் போட்டுத்தான் எஞ்சினின் உந்துதலைக் குறைத்துக் குறைத்து இறக்கினார்கள் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி வழியில் பெரிய மாமா ஒருவர், படித்தவர், நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டுக்கொண்டே இருந்தவர் என் பக்கம் திரும்பினார். "இங்க இருக்கற சட்டம் இங்கதானுங்க மாப்ள. அங்க வேற சட்டமா இருந்தா? போய்ப் பாத்தவன் ஆரு?" என்றார். "கருவி எல்லாம் வெச்சுப் பாத்திருக்காங்க மாமா" என்றேன். "கருவியும் இங்க செஞ்சதுதானுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பந்திக்கு எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பார்வை ரொம்ப நாள் கூடவே வந்தது. ஏனென்றால் பதில் என் கையிலேயே இருந்தது. தினமும் இருபது முப்பது முறை அதே பதிலைத்தான் கையில் பிடித்துப் பார்க்கிறேன், ஆனால் அதுதான் பதில் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

என் வேலை எப்படி என்றால், பர்னஸிலிருந்து ஒரு கரண்டி மெட்டல் எடுத்துச் செம்பு அச்சில் ஊற்றுவார்கள். நாணயம் போல ஒரு வில்லையாகச் சட்டென்று உறையும். அதைத் தண்ணீரில் முக்கி, கிரைண்டரில் ஒரு முகத்தைத் தேய்த்து, இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே லேபுக்குக் கொண்டு வருவார்கள். ஸ்பெக்ட்ரோ என்ற, ஒளியைப் பிரித்து அளக்கும் கருவியின் மேடையில் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளே ஆர்கான் வாயு ஓட, வில்லைக்கும் கீழே உள்ள ஊசி முனைக்கும் நடுவில் சர்ரென்று பொறி அடிக்கும். அந்தப் பொறியில் இரும்பும், அதில் கலந்திருக்கும் கரி, சிலிக்கான், மாங்கனீசு, கந்தகம் எல்லாமும் துளித்துளியாக ஆவியாகி ஒளி விடும். ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள அலைநீளங்களில் மட்டும்தான் விடும். கரிக்கு 193.1 நானோமீட்டர், கந்தகத்துக்கு 180.7. இது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, காற்று இதை விழுங்கிவிடும் என்பதால்தான் ஆர்கான். அரை நிமிடத்தில் திரையில் சதவீதம் வந்துவிடும். வில்லையைத் திருப்பினால் பொறி அடித்த இடத்தில் கறுப்பு வளையத்துக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும்.

பர்னஸில் மெட்டல் 1,450 டிகிரியில் உருகிக் கிடக்கிறது. அதற்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஒளியைப் பார்த்துத்தான் சொல்கிறோம். அந்த எண்ணை நம்பித்தான் நீங்கள் ஓட்டும் வண்டியின் பாகங்கள் வார்க்கப்படுகின்றன. "கருவியும் இங்க செஞ்சதுதானே" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்க ஒரு ஸ்டாண்டர்டு வில்லையைப் பொறி அடிப்போம், அது வேறு ஒரு நாட்டில் வார்த்து, பல லேப்களில் சோதித்து, சான்றிதழோடு வருவது. அங்கே சொன்ன எண்தான் இங்கேயும் வரும். வராவிட்டால் கருவியைத்தான் சந்தேகப்படுவோம். கோயம்புத்தூரில் கார்பனுக்கு வேறு சட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. நாங்கள் வார்ப்பது எஸ்.ஜி. அயர்ன் என்ற வகை வார்ப்பிரும்பு. லேடிலின் (உருகிய இரும்பை ஏந்தும் பெரிய வாளி) அடியில் மெக்னீசியம் கலந்த கலவையைப் போட்டு மேலே உருகிய இரும்பை ஊற்றுவார்கள். மெக்னீசியம் 1,090 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் ஷெட்டையே நிரப்பும். கடைசியில் இரும்பில் நூற்றுக்கு 0.04 பக்கம் மெக்னீசியம் தங்க வேண்டும். தங்கினால் கிராபைட் உருண்டை உருண்டையாக உறையும், இரும்பு வளைந்து கொடுக்கும். குறைந்தால் இதழ் இதழாக உறைந்து, அடி பட்டால் உடையும். ஒரு நைட் ஷிப்டில் எனக்கு 0.021 காட்டியது. ஊற்றாதீர்கள் என்றேன். "வெளிச்சம் நல்லாத்தான் வந்துச்சு, உன் மிசின்தான் தப்பு" என்று ஊற்றிவிட்டார்கள். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதிக்கு மேல் இதழ். அந்த லேடில் முழுக்க ரிஜெக்ட். விசாரணையில் "லேப் சரியாக எச்சரிக்கவில்லை" என்று எழுதினார்கள். பதிவேட்டில் என் கையெழுத்தோடு 0.021 இருந்தும், அந்த மாத இன்சென்டிவ் எனக்குத்தான் பிடிக்கப்பட்டது. இது தவிர, லேப்காரன் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான் என்ற பேச்சு வேறு. ஏசி எனக்காக இல்லை. சூடு கூடினால் கருவிக்குள் ஒளி விழும் இடம் நகர்ந்துவிடும், அதற்காக. பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் 2024 பொங்கல் லீவில் குடும்பத்தோடு பழனி வழியாகக் கொடைக்கானல் போனோம். மகள் பிடிவாதமாகச் சூரிய ஆய்வகத்துக்கு இழுத்துப் போனாள். 1899இல் தொடங்கி, சென்னையிலிருந்த பழைய வானாய்வு நிலையத்தின் வேலையைத் தொடர்ந்து வரும் இடம். அங்கே பொதுமக்கள் பார்க்கிற கண்காட்சியில் அந்த நேரத்துச் சூரிய ஒளியையே பிரித்துக் காட்டுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பட்டை விரிந்து கிடக்கிறது, நடுநடுவே மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள். நான் கோடுகளோடுதான் பிழைக்கிறேன், ஆனால் என் கருவியில் அவை திரையில் எண்ணாகத்தான் வரும். கண்ணால் கோட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கிருந்தவரிடம் "இதில் இரும்பு எதுங்க?" என்று கேட்டேன். பச்சையில் ஒரு கோட்டைக் காட்டினார். 527 நானோமீட்டர். பக்கத்தில் 517, 518 பக்கம் கொஞ்சம் தடிப்பாக ஒரு கூட்டம். "இது மெக்னீசியம்" என்றார்.

இரும்பும் மெக்னீசியமும். நான் லேடிலில் பார்க்கிற அதே இரண்டும் சூரியனிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. மகள் "என்னப்பா?" என்றாள். "இது நம்ம லேடில் கண்ணு" என்றேன்.

ஊருக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மாதம் இதையே படித்தேன். ஜெர்மனியில் லென்ஸ் செய்துகொண்டிருந்த பிரௌன்ஹோபர் இந்தக் கோடுகளை 1814இல் வரைந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார், ஆனால் அவை என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. 1835இல் ஓகுஸ்ட் கோம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று மனிதனால் ஒருபோதும் அறிய முடியாது என்றே எழுதிவிட்டார். என் மாமாவின் கேள்விதான் அது. இருபத்தைந்து வருடம் தாங்கவில்லை. 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் கிர்க்காஃபும் புன்சனும் உப்பைத் தீயில் போட்டால் வரும் சோடியம் மஞ்சளும், சூரியப் பட்டையில் இருக்கும் இரட்டைக் கறுப்புக் கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன என்று காட்டினார்கள். ஒரு ஆவி எந்த அலைநீளத்தில் ஒளி விடுமோ, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அதே அலைநீளத்தைத்தான் விழுங்கும், அதனால்தான் சூரியனில் அது கறுப்பாகத் தெரிகிறது. அதோடு நிற்காமல், இரும்பை மின்பொறியில் எரித்து, அதன் சுமார் அறுபது கோடுகள் சூரியனிலும் அதே அதே இடத்தில் இருப்பதை கிர்க்காஃப் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஒன்றிரண்டு கோடு பொருந்தினால் தற்செயல் என்று சொல்லலாம். அறுபது பொருந்தினால் சொல்ல முடியாது. ஒரு கோடு எங்கே விழும் என்பதை அணுவுக்குள் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டம் அங்கே கொஞ்சம் மாறியிருந்தாலும் கோடுகள் இடம் பெயர்ந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹீலியம் கதை. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூரில், சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில். சூரியனின் விளிம்பில் சோடியத்தின் இரட்டைக் கோட்டுக்கு அருகே, ஆனால் அதோடு பொருந்தாமல், ஒரு மஞ்சள் கோடு. பூமியில் எந்தப் பொருளும் அந்தக் கோட்டைத் தரவில்லை. இங்கிலாந்தில் லாக்யர் இது புதிய தனிமம் என்றார். இருபத்தேழு வருடம் அப்படியே கிடந்தது. 1895இல் லண்டனில் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவைச் சோதித்தபோது அதே மஞ்சள். ஆனால் உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பூமி வாயுவின் கோடு உற்றுப் பார்த்தால் இரட்டை, சூரியனுடையது ஒற்றை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இன்னும் நல்ல கருவியை வைத்துச் சூரியனை மறுபடி பார்த்தார்கள். சூரியனிலும் இரட்டை! இங்கே உள்ள வாயுவைப் பார்த்துச் சூரியனிலிருந்த ஒன்றைத் திருத்திக்கொண்டார்கள் என்றால், "போய்ப் பார்த்தீர்களா" என்பதற்கு வேறு என்ன பதில் வேண்டும்?

அந்த 1868 கிரகணத்துக்கு மறு வருடம், 1869 கிரகணத்தில், சூரியனைச் சுற்றிய கொரோனா என்ற ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு, 530.3 நானோமீட்டர். இதுவும் பூமியில் இல்லை. ஹீலியம் போலவே இதற்கும் கொரோனியம் என்று பெயர் வைத்தார்கள். எழுபது வருடம் தேடினார்கள். கடைசியில் 1940 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த எட்லேன் கண்டுபிடித்தார்: அது இரும்பு. இருபத்தாறு எலக்ட்ரானில் பதின்மூன்றை இழந்த இரும்பு. கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிப்பதால் அப்படி உரிக்கப்பட்டு நிற்கிறது. அங்கே வேறு பொருள், வேறு சட்டம் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்த இடத்தில், என் வில்லையில் இருக்கும் அதே இரும்பு.

ஈர்ப்பு விதிக்கு நியூட்டனின் கணக்கு இருக்கிறது, இதை நீங்களே போடலாம். நானும் மகளும் ஹீட் ஷீட்டின் (லேபில் உருக்குக் கணக்கு எழுதும் தாள்) பின்பக்கத்தில் போட்டோம். நிலா பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல அறுபது மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஈர்ப்பு குறைய வேண்டும், ஆக 3,600இல் ஒரு பங்கு. இங்கே கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது, அதை 3,600ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். இப்போது கல்லை மறந்துவிட்டு, நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் 27.3 நாளில் ஒரு சுற்று வருகிறது என்பதை மட்டும் வைத்து, நேர்கோட்டிலிருந்து நொடிக்கு எவ்வளவு பூமி பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அதே 1.36 மில்லிமீட்டர்தான் வருகிறது. மகள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. புதன் கோளின் சுற்றுப்பாதை நியூட்டன் கணக்கோடு ஒத்துப்போகவில்லையே என்பீர்கள். ஆமாம், நூறு வருடத்துக்கு 43 நொடிக் கோணம் (ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் நொடிக் கோணம்) இடித்தது. 1915இல் ஐன்ஸ்டைன் வந்துதான் அது தீர்ந்தது. ஆனால் அவருடைய விதியும் புதனுக்கு மட்டும் தனியாகப் போட்ட சட்டம் இல்லை. உங்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுவதை அதே விதியை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். டார்க் மேட்டர் என்பீர்கள். கேலக்ஸிகளின் ஓரத்தில் நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவது உண்மை. கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்கிறது என்று பெரும்பாலானவர்களும், ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். அது முடிந்த கதை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திருத்த வேண்டும் என்பவர்கள் தேடுவதும் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே விதியைத்தான்.

இன்னொன்று, விஞ்ஞானிகள் இதை நம்பிக்கையாக வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மாறுகிறதா என்று இன்றும் சோதிக்கிறார்கள். குவாசர் என்ற தூரத்து ஒளி மூலங்களின் வெளிச்சம் நம்மிடம் வரும் வழியில் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயு மேகங்களைக் கடந்து வருகிறது, அந்த மேகங்களின் கோடுகள் அதில் பதிந்திருக்கும். மின்விசை எவ்வளவு பலம் என்பதைச் சொல்லும் மாறிலி அன்றைக்கு வேறாக இருந்திருந்தால், சில கோடுகள் நன்றாக நகரும், சில கோடுகள் ஏறக்குறைய அசையாது. நகரக்கூடியது இரும்பு. அசையாதது மெக்னீசியம். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறார்கள்! 1999இல் ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட ஒரு குழு, லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறியிருக்கலாம் என்றது. 2004இல் புனேயின் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் உள்ள குழு சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து, மாற்றம் தென்படவில்லை என்றது. அந்தக் கணக்கு முறை மீதும் சண்டை நடந்தது. அதற்குப் பிறகும் அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள், மாறியது என்பது இதுவரை உறுதியாகவில்லை.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேனா என்றால், சொன்னேன், போன தீபாவளிக்கு. அவர் ஊர் நாமக்கல் பக்கம். அந்த மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைதான் நிலவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போகிற வகை என்று, அதை அரைத்து மண்ணாக்கி அதில்தான் இஸ்ரோ சந்திரயானின் இறங்கு கலத்தையும் ரோவரையும் சோதித்தது என்று மகள் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சித்தம்பூண்டியா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க தாத்தா" என்றாள்.

நீங்கள் கொடைக்கானல் போனால் ஆய்வகத்துக்குக் காலையிலேயே போங்கள், மேகம் ஏறிவிட்டால் சூரியன் இருக்காது. வெறும் கண்ணாலோ எந்தக் கண்ணாடி வழியாகவோ சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், அவர்கள் விரித்துக் காட்டுவதைப் பாருங்கள். பச்சையில் அந்த மெக்னீசியக் கூட்டத்தில் நீலத்தின் பக்கம் இருக்கும் கடைசிக் கோட்டைக் கேளுங்கள். அது ஒரு கோடு போலத்தான் தெரியும், ஆனால் இரண்டு. 516.7இல் இருப்பது மெக்னீசியம், அதோடு ஒட்டி 516.9இல் இருப்பது இரும்பு.